மகளின் சுருட்டைமுடி

சுருட்டைமுடியை நேராக்கப் போவதாக மகள் சொன்னபோது மனம் ஒப்பவில்லை. அது என் அம்மாவின் முடி. பாடசாலைக் காலம் முழுதும் எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னியதில் அவளே அதை வெறுத்துவிட்டாள்.

வெள்ளவத்தையில் போத்தல்களின் பின்புறத்தை ஒப்புநோக்குநரைப் போல வாசித்தேன். கிளிசரின் மிகுந்திருந்தால் கொழும்பின் ஈரக்காற்றில் முடி பொங்கிவிடக்கூடும். கிறீம் மென்மை தரும், பிடிமானம் குறைவு. ஜெல்தான் மெல்லிய படலமாக உலர்ந்து சுருளைக் காக்கும். ஈரமுடியில் பூசி, உலரும்வரை தொடாதிருக்க வேண்டும் (அதுதான் அவளுக்குக் கடினம்). பின்னர் உள்ளங்கையால் மெல்லக் கசக்கினால் விறைப்பு உடைந்து சுருள் எஞ்சும். விலையுயர்ந்த போத்தல்தான் வேண்டுமென்பதில்லை. ஆளிவிதையை நீரில் காய்ச்சி வடித்த கூழும் உதவும். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரமளவே தாங்கும்.