பாலையில் வருகையாளர்

ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலே, அதனைக் கலிபோர்னியாவினின்றும் பிரிக்கும் கொலராடோ ஆற்றுக்குக் கிழக்கே ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் தொலைவில், குவார்ட்சைற் என்றொரு சிற்றூர் உண்டு. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வதிவோர் 2,413 பேர். வெப்பம் 43 பாகை செல்சியசையும் கடந்து செல்லும் கோடை நாளொன்றில், எரிபொருள் நிரப்புவதற்காகப் பெருந்தெருவை விட்டு இறங்கும் பயணி அவ்வூரை ஏறெடுத்தும் பாரான். அவனே சனவரி மாதத்தில் அவ்வழியே வருவானாயின் வேறோர் ஊருக்கு வந்துவிட்டதாகவே எண்ணுவான். ஊரைச் சூழ்ந்த கல்வெளியெங்கும், கண்ணுக்கெட்டிய தூரம் வரை, வெண்ணிறக் கூரைகள் வெயிலில் மின்னிக்கொண்டிருக்கும். அவற்றுள் ஒன்றுக்கேனும் அத்திவாரம் கிடையாது. அத்தனையும் சில்லுகளின் மேல் நிற்பவை.

வீடும் வண்டியும் ஒன்றாக அமைந்த இவ்வாகனத்தை அமெரிக்கர் 'ஆர்.வி.' என்பர். பேருந்தளவினதாய் ஒருவரின் ஆயுட்காலச் சேமிப்பை விழுங்கியதும் உண்டு. பழைய சரக்கு வானுக்குள் கட்டிலொன்றைப் பொருத்திச் செய்துகொண்டதும் உண்டு. வட மாநிலங்களிலும் கனடாவிலும் பனி விழத் தொடங்கியதும் ஓய்வுபெற்றோர் பலர் இவற்றிலே தெற்கு நோக்கிப் புறப்படுவர். அவர்களைப் 'பனிப்பறவைகள்' என அழைப்பது அந்நாட்டு வழக்கு. 1967இல் இவ்வூரார் தொடங்கிய கற்கள், கனிமங்களின் சந்தையும், 1984 முதல் நடைபெற்றுவரும் வீட்டுவண்டிக் கண்காட்சியும் குளிர்காலத்திலே இலட்சக்கணக்கானோரை இங்கு ஈர்க்கின்றன. சந்தையைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. சந்தைகள் எங்கும் சந்தைகளே. சந்தைக்கு அப்பால், கல்வெளியில் நாட்கணக்காகவும் மாதக்கணக்காகவும் தங்கியிருக்கும் வாழ்க்கையே நின்று நோக்கத் தக்கது.

அவ்வாழ்க்கையின் முதற் பிரச்சினை நீர். ஆண்டு முழுவதிலும் ஏறத்தாழ நூறு மில்லிமீற்றர் மழையே காணும் நிலம் அது. ஊரின் தொடக்கமே ஒரு கிணறுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே குதிரை வண்டிகள் நீருக்காகத் தரித்துச் சென்ற அவ்விடத்துக்கு, டைசன் என்பவரின் பெயரால் 'டைசன் கிணறுகள்' என்ற பெயர் வழங்கிற்று. இன்று வந்து தரிக்கும் வீட்டுவண்டி தன் கிணற்றைத் தன் வயிற்றிலேயே சுமந்து வருகின்றது. நடுத்தர வண்டியொன்றின் நன்னீர்த் தாங்கி நூற்றைம்பது, இருநூறு லீற்றர் கொள்ளும். கழுவிய நீர் வேறொரு தாங்கியிலும் மலசலக் கழிவு மற்றுமொரு தாங்கியிலும் சேரும். முதலாவது வற்றினாலும், ஏனைய இரண்டில் ஒன்று நிரம்பினாலும் வண்டி இடம்பெயர்ந்தாக வேண்டும். ஆகவே அங்கு வாழ்வோரின் சிந்தனை நாள் முழுவதும் இம்மூன்று தாங்கிகளையும் சுற்றியே ஓடுகின்றது.

தட்டைக் கழுவுமுன் கடதாசியால் துடைத்துவிடுவர். குழாயில் வெந்நீர் வருவதற்கு முன்னர் வீணாகும் தண்ணீரைச் சட்டியொன்றில் ஏந்தி மலசலகூடத்துக்குப் பயன்படுத்துவர். குளிப்பதாயின், உடலை நனைத்துக் குழாயை அடைத்துச் சவர்க்காரம் தேய்த்த பின்னரே மீண்டும் குழாயைத் திறப்பர். எரிவாயுவினால் இயங்கும் குளிரூட்டும் பெட்டி சரிவான நிலத்திற் செவ்வனே வேலை செய்யாதாகையால், வந்து இறங்கியதும் முதல் வேலையாகச் சில்லுகளின் கீழ் மரக்கட்டைகளை வைத்து வண்டியைச் சமப்படுத்துவர். மாரிக்காலச் சூரியன் தாழ்ந்து செல்வதால் கூரையிலுள்ள சூரியத் தகடுகளைத் தெற்கு நோக்கிச் சாய்த்து வைப்பர். உலர்ந்த ஓடைப்படுக்கை மணல் மெத்தையாகத் தோன்றும். அனுபவம் உள்ளவர் அங்கே வண்டியை நிறுத்தார். தொலைவில் எங்கோ மலையிற் பெய்த மழை, தலைக்கு மேல் வானம் தெளிவாய் இருக்கும்போதே, அவ்வழியாகப் பாய்ந்து வரக்கூடும்.

இத்தகைய சிக்கனத்தை வறுமை என்று கூறிவிட முடியாது. நகரத்திலே குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பல் துலக்கியவர், ஒரு வாரப் பாலைவாசத்தின் பின் ஒரு குவளை நீருக்குள் அதனை முடித்துக்கொள்கின்றார். அதிலே ஒரு பெருமிதமும் கொள்கின்றார். மாலையில் அயல் வண்டியின் முன்னே நாற்காலிகள் வட்டமாகப் போடப்படும். எந்தத் தாங்கியில் ஒழுக்கு, எந்தக் கடையில் எரிவாயு மலிவு, எவருடைய மின்கலம் இரவு கடக்குமுன் இறந்துபோயிற்று என்பனவே பேச்சு. பகலில் இருபது பாகை காட்டிய வெப்பமானி இரவில் ஐந்து பாகைக்கு இறங்கும். ஒவ்வொருவராக எழுந்து உள்ளே செல்வர். இரவு பத்து மணிக்குப் பின் மின்பிறப்பாக்கிகளின் ஓசை அடங்கிவிட வேண்டும் என்பது முகாமின் விதி. அதன் பின்னர் அந்த வெளியிலுள்ள அமைதி, சந்தைப் பகலைக் கண்டவர் நம்புதற்கரியது.

இந்நிலம் தனியார் நிலமன்று. ஐக்கிய அமெரிக்க அரசின் நில முகாமைத்துவப் பணியகத்துக்கு உரியது. குளிர்காலக் கூட்டம் கட்டுக்கடங்காது போகவே, 1983இல் அப்பணியகம் 'நெடுங்கால வருகையாளர் பிரதேசம்' என்னும் ஏற்பாட்டைத் தொடங்கிற்று. குவார்ட்சைற்றுக்குத் தெற்கே லா போசா எனப்படும் பகுதி அவ்வாறானது. பரப்பு ஏறத்தாழ 11,400 ஏக்கர். செப்டெம்பர் 15 முதல் ஏப்பிரல் 15 வரை அங்கே தங்கலாம். 2010களில் அந்த ஏழு மாதத்துக்கும் அறவிடப்பட்ட கட்டணம் 180 டொலர். நன்னீர் நிரப்பும் இடமும் கழிவகற்றும் இடமும் அக்கட்டணத்துள் அடங்கும். அதுவும் இயலாதவர் ஊரைச் சூழ்ந்த ஏனைய அரச நிலத்திற் கட்டணமின்றித் தங்கலாம். ஆயின் பதினான்கு நாட்களுக்கு மட்டுமே. அதன்பின் நாற்பது கிலோமீற்றருக்கு அப்பாற் சென்றுவிட வேண்டும்.

இவ்விதிகளை வாசிக்குமிடத்து ஒரு சொல் மீண்டும் மீண்டும் கண்ணில் தட்டுப்படும். அது 'வருகையாளர்' என்பது. ஏழு மாதம் தங்கியவரும் வருகையாளரே. பத்தாண்டுகள் தொடர்ந்து அதே பற்றையின் பக்கத்தில் வந்து தரிப்பவரும் வருகையாளரே. பொழுதுபோக்குக்காக அங்கு வரலாம். குடியிருப்பதற்கு வருதல் ஆகாது. சட்டத்தின் நோக்கிலே, அங்கு நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால், வேறெங்கோ, பூட்டிவிட்டு வந்த வீடொன்று இருக்கின்றது.

அந்த வீடு எல்லோருக்கும் இருக்கின்றதா என்பதே கேள்வி. 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியோர் பலர், வாடகை கொடுக்க இயலாத ஓய்வூதியத்துடன் வண்டிகளுக்குள் குடிபுகுந்தனர். இலையுதிர்காலத்தில் வட டக்கோட்டாப் பக்கம் பீற்றுக்கிழங்கு அறுவடை. ஆண்டிறுதிப் பரிசுக் காலத்தில் பெரு வணிக நிறுவனங்களின் களஞ்சியசாலைகளிற் பொதி கட்டுதல். கோடையில் மலை முகாம்களிற் கழிவறை துப்புரவு. இடையில் எஞ்சும் குளிர்காலத்தைக் கழிக்கக் குவார்ட்சைற். எழுபது வயதில் அறுவடைக் களத்துக்குச் செல்பவரின் நாட்காட்டி இது. யெசிக்கா புரூடர் இவர்களுடன் பயணம் செய்து எழுதிய 'நோமாட்லாண்ட்' என்னும் நூல் 2017இல் வெளியாயிற்று. அதனைத் தழுவி குளோயி சாவோ இயக்கிய திரைப்படம் 2021இல் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. படம் அழகானது. மறைவதும் அந்த அழகினாலேயே என்று சொல்லத் தோன்றுகின்றது: அந்தி வெயிலில் நிற்கும் வண்டியைக் கண்டு இரசிக்கும்போது, அதனுள்ளே மணிக்கட்டு வலியுடன் படுத்திருக்கும் தொழிலாளியைப் பார்வையாளர் மறந்துவிடுதல் எளிது. நூல் அவ்வாறு மறக்க விடுவதில்லை.

இவர்கள் யாவரையும் இரக்கத்துக்கு மட்டும் உரியவராகக் கொள்வதும் தவறாகும். பொப் வெல்ஸ் என்பவர் 2011இல் குவார்ட்சைற் அருகே தொடங்கிய ஆண்டுக் கூடலிலே, வண்டிக்குள் வாழப் புதிதாக வந்தவர்களுக்குப் பழையவர்கள் கற்றுக்கொடுத்தனர். நகரத்தில் மறைவாக உறங்கும் முறை முதல் வாளியொன்றைக் கழிவறையாக்கும் முறை வரை எதுவும் அங்கே வெட்கத்துக்குரியதாய் இருக்கவில்லை. வாடகைக்காக உழைத்துத் தேய்வதிலும் இதுவே மேல் என்று மனமாரச் சொல்வோர் உளர். சொல்பவரின் குரலில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு வேறு வழியின்மை என்று பிரித்தறிதல் கேட்பவர்க்கு இயலாது. சொல்பவர்க்கும் இயலுமா என்பது ஐயமே.

தமிழிலக்கியம் பயின்றோர்க்குப் பாலை என்றதும் பிரிவே நினைவுக்கு வரும். பொருள் தேடிப் புறப்படும் தலைவன் பாலை வழியே செல்கின்றான். பாலையில் அவன் தங்குவதில்லை. அது கடந்து செல்லும் நிலம். அவனுக்காக ஒரு வீட்டு வாயிலிலே ஒருத்தி நாள் எண்ணிக்கொண்டிருக்கின்றாள். குவார்ட்சைற்றின் கல்வெளியிலே தங்கியிருப்போருட் சிலருக்கு அவ்வாறு காத்திருப்பாரும் இலர். காத்திருத்தற்குரிய வாயிலும் வங்கியின் கைக்குப் போய்விட்டது.

முகவரி இல்லாதவருக்கு நவீன அரசில் உயிர்ப்பே இல்லை. சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியம், மருத்துவக் காப்புறுதி, வாக்குரிமை அனைத்துக்கும் முகவரி வேண்டும். தென் டக்கோட்டா மாநிலம் இவ்விடயத்திற் தாராளம் காட்டிற்று: அங்கே ஓர் இரவு தங்கியதற்கான பற்றுச்சீட்டும், கடிதங்களைப் பெற்று அனுப்பும் நிலையமொன்றின் முகவரியும் இருந்தால், சில்லுகளின் மேல் வாழ்பவரும் சாரதி அனுமதிப்பத்திரம் பெறலாம். இதனால், அரிசோனாப் பாலையில் ஆறு மாதமாக நிற்கும் வண்டியின் இலக்கத்தகடு, உரிமையாளர் ஒரேயோர் இரவு உறங்கிய மாநிலத்தினதாக இருக்கும். 2023இல் அம்மாநிலம், வாக்காளராகப் பதிவதற்கு முப்பது நாள் வதிந்திருத்தல் வேண்டும் என்று சட்டமியற்றிற்று. ஓரிரவு முகவரி வண்டி ஓட்டப் போதும். வாக்களிக்கப் போதாது என்றாயிற்று.

2024ஆம் ஆண்டு சூன் மாதத்தில், ஒறிகன் மாநிலத்து கிறான்ற்ஸ் பாஸ் நகரம் தொடர்பான வழக்கில், பொது இடத்தில் முகாமிட்டு உறங்குவோரைத் தண்டித்தல் அரசியலமைப்புக்கு முரணானதன்று என ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதியரசரில் அறுவர் அம்முடிவுக்கு வந்தனர். நகரப் பூங்காவிலே போர்வை விரித்தலைக் குறிக்க வந்த சொல்லும், லா போசாவிலே நாற்காலி விரித்தலைக் குறிக்கும் சொல்லும் ஆங்கிலத்தில் ஒன்றே. முன்னதற்குத் தண்டப்பணம், பின்னதற்கு அனுமதிச்சீட்டு. இடையிலுள்ள வேறுபாடு ஒரு வாகனமும் நூற்றெண்பது டொலரும் என்றால் அது மிகையாகாது.

அந்த நிலத்துக்கோ நினைவு அதிகம். சிறு கற்கள் நெருங்கிப் படிந்து பாவியது போன்ற அதன் மேற்பரப்பிலே ஒருமுறை பதிந்த சுவடு எளிதில் அழிவதில்லை. 1942இல் ஜெனரல் பற்றன் போர்ப் பயிற்சிக்காகத் திறந்த முகாம்களின் தாங்கிப்படைச் சுவடுகள் இப்பாலையின் பல பகுதிகளில் இன்றும் தெரிகின்றன. ஆற்றுக்கு அப்பால், பிளைத் நகருக்கு அண்மையில், மேற்கற்களை அகற்றிப் பழங்குடியினர் நிலத்தில் வரைந்த மாபெரும் மனித உருவங்கள் உள்ளன. அவற்றுட் பெரியது ஐம்பது மீற்றரினும் நீண்டது. ஊருக்கு வடக்கே, மொகாவே, செமகுவேவி முதலிய மக்களின் ஒதுக்கு நிலம் 1865 முதல் இருந்து வருகின்றது. எஞ்சியது 'பொது நிலம்' ஆயிற்று. எவர்க்குப் பொது என்ற வினாவை வண்டிகளில் வந்தோர் எழுப்புவதாகத் தெரியவில்லை.

வருகையாளருக்கென்றே வாழும் இவ்வூரிலே, வருகையாளர் தவறாது சென்று பார்க்கும் இடம் ஒரு கல்லறை. உதுமானியப் பேரரசிலிருந்து ஒட்டகங்களுடன் வந்த ஹாஜி அலி என்பவரின் கல்லறை அது. பாலை நிலத்தில் இராணுவப் பொதி சுமக்கக் குதிரையினும் ஒட்டகமே தக்கதெனக் கருதிய அமெரிக்க அரசு, 1856இல் அவரையும் வேறு சில ஒட்டகச் சாரதிகளையும் டெக்சாஸ் கரையில் இறக்கிற்று. ஒட்டகங்கள் பாலைக்கு ஏற்றவையாகவே இருந்தன. குதிரைகளும் கோவேறு கழுதைகளும் அவற்றைக் கண்டு மிரண்டன, படைவீரர் வெறுத்தனர். உள்நாட்டுப் போர் மூளவே திட்டம் கைவிடப்பட்டது. சில ஒட்டகங்கள் ஏலம் போயின. சில பாலையிலே அவிழ்த்து விடப்பட்டன. சாரதி திரும்பிப் போகவில்லை. அவருடைய பெயர் அமெரிக்கர் நாவில் 'ஹை ஜொலி' எனத் திரிந்தது. 1880இல் குடியுரிமை பெற்றபோது பத்திரத்தில் எழுதப்பட்ட பெயரோ பிலிப் டெட்ரோ. பொதி ஏற்றியும் பொன் தேடியும் அப்பாலையிலேயே உழன்று, 1902இல் குவார்ட்சைற்றில் இறந்தார். 1935இல் மாநில அரசு அவர் புதைகுழியின் மீது அவ்வூர்க் கற்களால் ஒரு கூம்பகம் எழுப்பி, உச்சியிலே செப்பு ஒட்டகமொன்றை நிறுத்திற்று.

ஏப்பிரல் நடுப்பகுதியில் கல்வெளி மீண்டும் வெறுமையாகும். கழிவகற்றும் இடத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும். தாங்கிகளை வெறுமையாக்கி, நன்னீர் நிரப்பி, கூரைத் தகடுகளைப் படுக்க வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பெருந்தெருவில் ஏறும். பல வடக்கே திரும்பும். அங்கே புல் வெட்டப்படாத முற்றமும், திரட்டி வைத்த கடிதங்களும் அவர்களுக்காக இருக்கும். சில வண்டிகள் சந்தியில் சிறிது நேரம் தரித்து நிற்கும். மலை முகாமில் வேலை தொடங்க இன்னும் இரண்டு வாரம் இருக்கின்றது, அதுவரை எங்கே தங்கலாம் என்று உள்ளே ஒருவர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.