குரல் எட்டாத ஓர் உயிர்

நாய் நன்றியுள்ள பிராணி என்று கீழ்வகுப்பிற் பயிலும் பாலகனும் கட்டுரை எழுதுவான். ஆயின், எத்தகைய நாய்க்கு நாம் வீட்டில் இடங்கொடுக்கிறோம் என்று சற்றே எண்ணிப் பார்த்தால் எமது அன்பின் எல்லை புலப்பட்டுவிடும். அது உரத்துக் குரைக்க வேண்டும். கள்வனைக் கண்டால் பாய வேண்டும். அழைத்தவுடன் ஓடிவர வேண்டும். இவற்றுள் ஒன்றையேனும் செய்யவியலாத நாயை விரும்புவார் யார்? அத்தகையதொன்றை ஏற்று ஈராண்டு காலமாக வளர்த்துவரும் அனுபவத்தையே வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நாம் பதுளை நகரிலே கல்லூரி ஆசிரியராகக் கடமையாற்றி வருகிறோம். எம்மிடம் பயிலும் மாணவருட் பலர் பசறை, நமுனுகுல, தெமோதரைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலிருந்து நாடோறும் பஸ் ஏறி வருபவர்கள். அவர்களுள் ஒருவன் ஒரு ஞாயிறன்று தன் பாட்டியாரோடு எம் இல்லம் வந்தான். அந்த அம்மையாரின் கூடையிலே, பழந்துணியிற் சுற்றிய வெண்ணிறக் குட்டியொன்று நடுங்கிக்கொண்டிருந்தது. கொழுந்து மலையில் மழைநீர் ஓடும் கானுக்குள் கிடந்த அதனை எடுத்துவந்து, ஒரு மாத காலம் லயத்தில் வைத்துப் பால் ஊற்றி வளர்த்திருக்கிறார்.

“ஐயா, இதுக்குக் காது கேக்காதுங்க. லொறி வந்தா ஒதுங்கத் தெரியாது. ராவுல சிறுத்த வந்தாலும் தெரியாது. புள்ளையின்னா புள்ளக்காம்பராவுல வுட்டுட்டு மலைக்குப் போகலாம். இத நான் எங்கங்க வுடுறது?” என்றார்.

மலையகத் தோட்டங்களில் சிறுத்தைகள் இரவில் லயங்களின் பக்கம் வந்து நாய்களைக் கவர்ந்து செல்வது உண்டு. ஆதலின் அவரது அச்சம் வீணான அச்சமன்று. பிரிய மனமின்றியே அவர் பிரிந்தார் என்பதை, வாயிலைத் தாண்டும்வரை பலமுறை திரும்பிப் பார்த்ததிலிருந்து உணர்ந்தோம்.

குட்டியைப் பரிசோதித்த மிருக வைத்தியர் காரணத்தை விளக்கினார். நாய்க்குட்டியின் செவித்துவாரம் பிறந்து ஏறத்தாழ இரண்டு வாரங்களின் பின்னரே திறக்கிறது. வெண்மை மிகுந்த சில நாய்களின் உட்செவியில் இருக்கவேண்டிய நிறமிக் கலங்கள் இல்லாமற் போய்விடுகின்றன. அதனால் ஒலியை உணரும் நுண்கலங்கள் முதற் சில வாரங்களிலேயே அழிந்துவிடுகின்றன. டல்மேஷன் இன நாய்களிடமும் இக்குறை அதிகம் காணப்படுகிறதாம். மருந்தினால் மாற்றக்கூடியதன்று என்றும் அவர் கூறினார்.

செவிக்குறையினும் பெரிய தடையாக இருந்தது அதன் கூச்சமே. முதல் ஒன்பது நாட்கள் அது மேசையின் அடியை விட்டு வெளிவரவில்லை. ஜோன் போல் ஸ்கொட், ஜோன் புல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1965 இல் வெளியிட்ட நூலொன்றில், நாய்க்குட்டி மனிதரோடு பழகிக்கொள்ளும் முக்கிய பருவம் மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை என வகுத்தனர். அப்பருவத்தின் ஒரு பகுதியைக் கானுக்குள் தனிமையிற் கழித்த உயிர், மனிதரைக் கண்டு ஒடுங்குவதில் வியப்பில்லை. எனவே யாரும் அதனைத் தூக்கவில்லை, துரத்தவில்லை. உணவை வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சற்றுத் தள்ளி அமர்ந்திருந்தோம். பத்தாம் நாள் எமது காலடியில் ஈரமான மூக்கு ஒன்று பட்டது.

எம் மகள் அதற்குப் பஞ்சு எனப் பெயரிட்டாள். “செவிட்டு நாய்க்குப் பெயர் எதற்கு?” என்று அயலவர் நகைத்தார். “பெயர் அதற்கல்ல மாமா, எங்களுக்கு” என்றாள் அவள். பஞ்சுவுக்குரிய மொழி சைகைதான். உள்ளங்கையை மார்பருகே கொணர்ந்தால் ‘வா’; கையைத் தாழ்த்தினால் ‘இரு’; பெருவிரலை உயர்த்தினால் ‘நன்று’. இருட்டியபின் டோர்ச் விளக்கை இருமுறை மினுக்கினால் வரவேண்டும் என்பதையும் அது கற்றுக்கொண்டது. உறங்கும்போது பின்புறமாகத் தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கவும் கூடும். ஆதலால் மூக்கருகே கையை நீட்டி, மணத்தால் எழுப்புவோம். வாரில்லாமல் வீதிக்குக் கொண்டுசெல்வதே இல்லை.

எம் அன்னையார் ஆசாரம் மிக்கவர். நாய் பைரவரின் வாகனம் என்றும், தருமர் தம்மைத் தொடர்ந்துவந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்தார் என்றும் எமக்குக் கதை சொன்னவர் அவரே. ஆயினும், “கதையில் வரும் நாய் அடுப்படிக்கு வராது” என்று கூறி, குட்டியைத் தம் பக்கம் அண்டவிடாதிருந்தார்.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் மாலை பெருமழை. மின்சாரம் நின்றது. காற்றிலே முறிந்து விழுந்த கிளை வேலியைச் சாய்த்துவிட்டது. சிறிது நேரத்தில் பஞ்சுவைக் காணவில்லை. எம் வீட்டின் கீழே பெருந்தெரு. அதற்கப்பால் பெருகியோடும் ஓடை. மகள் அழுதுகொண்டே பெயர் சொல்லிக் கூவினாள். அழைக்க எமக்குக் குரல் இருந்தது. கேட்க அதற்குச் செவி இல்லை. அப்போது, அண்மைக் காலமாகத் தாமும் செவி மந்தமாகிவிட்ட அன்னையார் திண்ணையில் வந்து நின்று, “கத்தி என்ன பயன்? வெளிச்சத்தைக் காட்டு மகனே. காது கேளாதவர்களுக்குக் கண்தான் காது” என்றார். நாற்புறமும் டோர்ச்சை மினுக்கினோம். கால் மணி நேரத்தின் பின், கொய்யா மரத்தடிப் புதரிலிருந்து இரு கண்கள் ஒளிர்ந்தன. சேறு படிந்த அக்குட்டியைத் தம் சேலைத் தலைப்பால் துவட்டியவர் அன்னையாரே. அன்றிரவு அது அடுப்படியில்தான் உறங்கியது.

தெருநாய்ப் பிரச்சினையை நாம் அறியாதவரல்லர். 1973 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் உயிரிழந்தனர். தடுப்பூசியின் பயனாக அண்மைய ஆண்டுகளில் அத்தொகை இருபது, முப்பது என்னும் அளவுக்குக் குறைந்துள்ளது. தெருநாய்களைக் கொல்லும் வழக்கம் 2006 இல் கைவிடப்பட்டுத் தடுப்பூசியும் கருத்தடையும் முதன்மை பெற்றன. எனவே நாயை எடுத்து வளர்ப்போர் ஆண்டுதோறும் அதற்குத் தடுப்பூசி ஏற்றுவது அயலவருக்குச் செய்யும் கடமையாகும்.

கடந்த தைப்பொங்கலன்று அந்தப் பாட்டியார் எம்மிடம் வந்தார். புதியவரைக் கண்டால் மேசையடியில் ஒளியும் பஞ்சு, அவரது கையை முகர்ந்தது; பின்னர் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. கொழுந்துக் கறை படிந்த அக்கரங்களை அது மறக்கவில்லை போலும்.

குறையுள்ள பிராணியை வளர்க்க எண்ணும் இளைஞர்க்கு ஒன்று கூறுவோம். இரக்கம் ஒரு மாலைப் பொழுதிற் பிறந்துவிடும். பராமரிப்போ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர வேண்டியது. நாம் இல்லாத வேளையில் அதனைப் பார்ப்பவர் யார், வைத்தியச் செலவுக்கு வழி என்ன, வீட்டிலுள்ள யாவரும் ஒருமனப்பட்டனரா என்பவற்றை முதலில் ஆராய்க. விடை திருப்தியாயின் தயங்காது கை நீட்டுக. பயன் கருதி வளர்க்கும் நாய் வாசலைக் காக்கும். பஞ்சு எதனையும் காக்கவில்லை. ஆயினும், அது வந்தபின் எம் வீட்டில் ஒருவரையொருவர் முகம் பார்த்தே பேசுகிறோம். அன்னையாருக்கும் இப்போது எமது பேச்சு நன்கு விளங்குகிறது.