சேது வழிச் சத்திரங்கள்

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது பாலவனத்தம். 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரின் ஜமீன் இது. அவர் ராமநாதபுரம் சேதுபதி குடும்பத்தவர். அருப்புக்கோட்டையைத் தாண்டினால் திருச்சுழி. அங்கே குண்டாற்றங்கரையில் சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயில். மழைக்காலம் கழிந்தால் ஆற்றில் மணல்தான் மிஞ்சும். இந்தக் கரிசல் சீமையில் கிணறும் சோறும் உள்ள சத்திரம் இல்லாமல் ராமேசுவரத்துக்கு நடந்து போயிருக்கவே முடியாது.

காசியிலிருந்து கங்கை நீரைச் செம்பில் சுமந்து வந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்வதும், சேதுவின் மணலைக் கொண்டுபோய்ப் பிரயாகையில் சேர்ப்பதும் பழைய வழக்கம். அந்தச் செம்பு இவ்வளவு தொலைவு வந்து சேர, இரவுதோறும் தலைசாய்க்க ஒரு திண்ணை வேண்டும். கோயில்தான் மரபைக் காத்தது என்கிறோம். சரிபாதி காத்தது இந்தத் திண்ணைகள் என்பேன். சத்திரம் கட்டிய சேதுபதிகள் கட்டடத்தோடு நிற்கவில்லை. அன்னதானம் தடைபடாதிருக்க ஊர்களையே மானியமாகச் செப்பேட்டில் எழுதி வைத்தார்கள். மானியம் நின்ற பிறகு பல சத்திரங்கள் நெடுநாள் நிலைக்கவில்லை.

ராமேசுவரம் தீவில் அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று இரண்டு ஊர்கள் உண்டு. பாம்பனில் யாத்திரிகரிடம் தன்னிச்சையாகத் தீர்வை வாங்கிய மருமகனுக்குச் சேதுபதி மரண தண்டனை விதித்தாராம். அவனுடைய மனைவியரான இரு பெண்களும் உடன்கட்டை ஏற, அவர்கள் நினைவாக மடங்கள் எழுந்தன என்பது அங்கு வழங்கும் கதை. நெஞ்சைப் பிசையும் கதை. சேதுவுக்குப் போகிறவனிடம் காசு பிடுங்குவதை எவ்வளவு பெரிய பாவமாக அந்தச் சீமை நினைத்தது என்று அது சொல்கிறது.

சத்திரங்களுக்கு உள்ளே என்ன நடந்தது என்பதற்குத் தஞ்சையில் நல்ல சாட்சி இருக்கிறது. 1801-இல் இரண்டாம் சரபோஜி மன்னர், சத்திரங்களைத் தம் பொறுப்பிலேயே விடும்படி கும்பெனியின் ரெசிடெண்டுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தின்படி, நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாரேனும் உண்டா என்று கூவி அழைப்பார்கள். சமைத்ததை உண்ணாதவருக்கு அரிசி, பருப்பு அளப்பார்கள். நோயாளிக்கு வைத்தியர், பிரசவித்தவளுக்குப் பராமரிப்பு, வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைக்குச் சோறும் படிப்பும். வேதம் சொல்லிக் கொடுக்க ஆசிரியர்களும் இருந்தார்கள். சாதிக்கொரு பந்தி இருந்த காலம் அது. அந்தக் குறையை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பசித்தவனைத் தேடி மணி அடித்த ஏற்பாடு இன்னொன்றை நான் அறியேன்.

1902-இல் மண்டபம் வரை ரயில் வந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தது. பல நாள் நடை ஓர் இரவுப் பயணமாகச் சுருங்க, சத்திரத்துத் திண்ணைகள் வெறிச்சோடின.

இன்று சாலையை அகலப்படுத்தும்போது முதலில் இடிபடுவது ஓரத்தில் நிற்கும் பழைய கல்மண்டபம்தான். இடிக்கும் முன்பு தூணிலும் நிலைக்கல்லிலும் எழுத்து உண்டா என்று பார்த்து, படியெடுத்து, கிணற்றையாவது தூர்க்காமல் விட வேண்டும். இதை நெடுஞ்சாலைத் துறையின் பணி விதியாகவே எழுதி வைக்கலாம்.