ஆச்சா மரமும் அஞ்சு நிமிஷப் புகழும்

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில், ஆடுதுறையை அடுத்து வருகிற சின்ன ஊர் நரசிங்கம்பேட்டை. பஸ்ஸில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் ஊர் கடந்துவிடும். ஆனால், கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் நீங்கள் கேட்ட நாகஸ்வரங்களில் பல இந்த ஊர்ப் பட்டறைகளில் பிறந்தவை. 2022-ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

டி.வி-யில் பாட்டுப் போட்டியைப் பார்த்துவிட்டு, 'நம்ம பிள்ளையையும் அடுத்த சீசனுக்கு அனுப்பிடலாமா?' என்று யோசிக்கிற அப்பா அம்மாக்கள், பிள்ளையோடு ஒருமுறை இந்தப் பக்கம் வந்து போகலாம்.

இங்கே நாகஸ்வரம் செய்வது ஆச்சா மரத்தில். புதிதாக வெட்டிய மரம் உதவாது. ஈரம் காயும்போது வெடித்துவிடும். அதனால் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரங்களையும் தூண்களையும் தேடி வாங்குகிறார்கள். பல ஆண்டுகள் வெயிலும் காற்றும் பட்டு, இறுகிப்போன கட்டைதான் நாதம் கொடுக்கும். அதைக் கடைந்து, நடுவில் நீளமாகத் துளை போட்டு, விரல் வைக்க ஏழு துளைகளும் கீழே ஐந்து துளைகளும் இடுகிறார்கள். துளை இம்மி நகர்ந்தாலும் சுருதி சேராது. வாயில் வைத்து ஊதும் சீவாளியும் அவசரத்தில் வருவதில்லை. ஆற்றங்கரையில் விளையும் தட்டையை வெட்டி, காயவைத்து, பக்குவப்படுத்திய பிறகுதான் அது சீவாளியாகும். இந்த வேலை தெரிந்த குடும்பங்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருக்கின்றன.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் திருவாவடுதுறை. ஆதீன மடமும் கோமுக்தீஸ்வரர் கோயிலும் உள்ள ஊர். திருமூலர் இங்கே அரச மரத்தடியில் அமர்ந்து, ஆண்டுக்கு ஒரு பாடலாக மூவாயிரம் பாடல்கள் அருளினார் என்பது ஐதீகம். ஆண்டுக்கு ஒன்று! வாரத்துக்கு ஒரு ரவுண்டு, ரவுண்டுக்கு ஒரு புதுப் பாட்டு என்று ஓடும் நம் காலத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

1898-ல் பிறந்து, இந்த ஊரின் பெயரோடு அறியப்பட்டவர்தான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. சிறு வயதில் வாய்ப்பாட்டும் கற்றவர். அந்த நாளில் வழக்கத்தில் இருந்தது, குட்டையாகவும் உச்ச சுருதியிலும் இருந்த திமிரி நாகஸ்வரம். பாடுவதுபோல நிதானமாக வாசிக்க, சுருதி தாழ்ந்த, நீளமான வாத்தியம் அவருக்குத் தேவைப்பட்டது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அதைச் செய்து கொடுத்தார். இன்று எங்கும் ஒலிக்கும் பாரி நாகஸ்வரம் அப்படி வந்ததுதான். வித்வானின் காதும் ஆசாரியின் கையும் சேர்ந்து உழைத்த உழைப்பு அது.

ராஜரத்தினம் பிள்ளை தோடி வாசித்தால் மணிக்கணக்கில் போகும் என்பார்கள். அதே தோடி கிராமபோன் இசைத்தட்டாகவும் வந்தது. அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் இடம். இன்றைய டி.வி போட்டியில் ஒரு குழந்தைக்குக் கிடைப்பதும் ஏறக்குறைய அதே நேரம்தான்! ஆக, நேரம் குறைவு என்பது குற்றமில்லை. அந்த மூன்று நிமிடத்துக்குப் பின்னால் எத்தனை இரவு வாசிப்பு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

டி.வி-யை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விஜய் டி.வி-யில் 2006-ல் 'சூப்பர் சிங்கர்' தொடங்கிய பிறகு, எந்தச் சிபாரிசும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் மேடை கிடைத்தது. 2019-ல் அமெரிக்காவின் 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' போட்டியில் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் பியானோ வாசித்து, 10 லட்சம் டாலர் பரிசை வென்றார். பேரிலேயே நாதஸ்வரம்! விரல்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடியதை உலகமே பார்த்தது. அதற்கு முன்பு அந்தப் பிள்ளை தினமும் பியானோ முன்னால் உட்கார்ந்திருந்த நேரத்தை யாரும் பார்க்கவில்லை. அதைப் படம்பிடித்துக் காட்டினால் யாரும் சேனலை மாற்றாமல் இருப்பார்களா?

சிக்கல் இங்கேதான். நடுவர்கள் எழுந்து நிற்பதும் அம்மா அழுவதும் நமக்குத் தெரிகிறது. தினசரி சாதகம் தெரிவதில்லை. அதனால் பார்க்கும் குழந்தைக்கு, மேடை ஏறியதும் புகழ் வந்துவிடும் என்று தோன்றுகிறது. எலிமினேஷன் ஆனதும், 'எனக்குப் பாட்டே வராது' என்று அதே குழந்தை முடிவு கட்டிவிடுகிறது. எட்டு வயதில் அது எடுக்கவேண்டிய முடிவா?

நாகஸ்வர மரபில் சிறுவர்களை முதல் நாளே முன்னால் நிறுத்த மாட்டார்கள். குருவுக்குப் பின்னால் நின்று ஒத்து ஊதுவார்கள், தாளம் போடுவார்கள். ஒரே சுருதியை விடாமல் பிடித்து நிற்கும் அந்த ஒத்துக்கு யாரும் கைதட்ட மாட்டார்கள். ஆனால், காது பழகும், மூச்சு பழகும், தவறு செய்யவும் திருத்திக்கொள்ளவும் அவகாசம் இருக்கும். போட்டிக்குப் போகிற பிள்ளைக்கும் அந்த அவகாசத்தைக் கொடுத்துவிட்டால், ஜெயித்தாலும் தோற்றாலும் மறுநாள் காலை அது மறுபடி பாட உட்காரும்.

கேட்கிற நமக்கும் இதில் பங்கு உண்டு. டி.வி-யில் பாடும் குழந்தைக்கு மறக்காமல் ஓட்டுப் போடுகிறோம். கல்யாணத்தில் பல வருடம் கற்ற ஒருவர் வாசிக்கும்போது செல்போனில் பேசிக்கொண்டிருக்கிறோம். கேட்க ஆள் இல்லாத வாத்தியத்தை எந்தப் பிள்ளை கற்க வரும்? கற்க வராவிட்டால் ஆச்சா மரத்தைக் கடைய ஆசாரி எதற்கு?

அடுத்த கல்யாணத்தில் பந்திக்கு ஓடும் முன் பத்து நிமிடம் மேளக்காரர்கள் எதிரில் உட்காருங்கள். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். வாசித்து முடித்ததும், "எத்தனை வருஷமா வாசிக்கிறீங்கண்ணே?" என்று பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள்.