நானா விட்டுப்போன மெட்டு

கட்டாருக்குப் போவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பு நானா எனக்கு ஒரு மெட்டைக் கேட்கத் தந்தார். பெயரைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இசை பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. வீட்டுக்குள் உம்மாவின் அபிப்பிராயம்தான் செல்லும் என்பதால் நாங்கள் இருவரும் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தோம். ஹெட்செட்டின் ஒரு பக்கத்தை என் காதிலும் மறுபக்கத்தைத் தன் காதிலும் வைத்துக்கொண்டு, "கேட்டுட்டு எப்படி இருக்குதுண்டு சொல்லு" என்றார்.

மூன்று நிமிடம் சொச்சம். பாட்டு இல்லை. கிளாரினெட்டுகள் மெதுவாக வழிவிட, ஒரு கிற்றார் பேசத் தொடங்கியது. சுரங்கள் பெரிதாகத் தாண்டவில்லை. ஒன்றோடொன்று ஒட்டி, படியில் பார்த்துப் பார்த்து இறங்குகிற வயதான ஒருவரைப் போல வந்தன.

"கவலையா இருக்கு" என்றேன்.

நானா சிரித்தார். "இது ஜி மேஜர். மேஜர்ல இருக்கிறது எப்படிக் கவலையாகும்?" யூடியூப் பார்த்துக் கிற்றார் படித்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். எனக்கு மேஜரும் தெரியாது மைனரும் தெரியாது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தச் சண்டை முடியாமலே அவர் பயணம் போனார். கிற்றார் என் அறையில் அலுமாரிக்குப் பின்னால் நிற்கிறது.

அவர் போன பிறகுதான் மெட்டின் பெயரைத் தேடிப் பிடித்தேன். "நுவாஜ்". பிரெஞ்சு மொழியில் மேகங்கள். அதை ஆக்கியவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1910ல் பெல்ஜியத்தில் பிறந்தவர். மனூஷ் என்று தங்களை அழைத்துக்கொள்ளும் றோமா இனத்தவர். உலகம் அவர்களை ஜிப்சிகள் என்கிறது, இந்த இசையையும் ஜிப்சி ஜாஸ் என்கிறது. குதிரை வண்டி வீட்டில் வளர்ந்தவர். 1928ல், பதினெட்டு வயதில், அந்த வண்டி தீப்பிடித்தது. விற்பதற்காக மனைவி செய்து வைத்திருந்த செலுலாயிட் பூக்கள் உள்ளே நிறைய இருந்தனவாம். செலுலாயிட் எப்படிப் பற்றும் என்பது சொல்லத் தேவையில்லை. இடது கையின் மோதிர விரலும் சின்ன விரலும் மடங்கியது மடங்கியதுதான். மிஞ்சிய இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு கிற்றாரை மறுபடி ஆரம்பத்திலிருந்து பழகினார். 1934ல் பரிஸில் ஸ்டெபான் கிரப்பெல்லி என்ற வயலின் கலைஞரோடு ஐவர் குழுவொன்றைத் தொடங்கினார். டிரம் இல்லாத குழு. தாளத்தைக் கிற்றார்களே அடித்தன.

1939ல் யுத்தம் தொடங்கியபோது குழு லண்டனில் இருந்தது. ஜாங்கோ பரிஸுக்குத் திரும்பினார், கிரப்பெல்லி அங்கேயே தங்கிவிட்டார். 1940 ஜூனில் ஜேர்மன் இராணுவம் பரிஸுக்குள் நுழைந்தது. அதே வருடக் கடைசியில்தான் நான் கிணற்றடியில் கேட்ட அந்தப் பதிவு அங்கே நடந்தது. வயலின் இருந்த இடத்தில் கிளாரினெட்டுகள். நாஸிகள் ஐரோப்பாவில் கொன்ற றோமா மக்கள் இலட்சக்கணக்கில்.

இதையெல்லாம் வாசித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். தமிழ்ப் பாடத்துக்கு ஓர் இரசனைக் கட்டுரை எழுதச் சொன்னபோது இதைத்தான் எழுதினேன். ஆக்கிரமிக்கப்பட்ட நகரத்தின் மேல் கவிந்த கருமேகம், தன் இனம் அழிவதை அறிந்த கலைஞனின் விம்மல், பிரிந்துபோன நண்பனுக்கான ஏக்கம் என்று நான்கு பக்கம். ஆசிரியை கடைசியில் சிவப்பு மையால் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "இது நீ கேட்டதா, வாசித்ததா?"

இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் மறுபடி வாசிக்கப் போனேன். இந்த முறை எனக்குப் பிடிக்காத விடயங்களைத் தவிர்க்காமல் வாசித்தேன். ஆக்கிரமிப்புக் காலத்துப் பரிஸில் ஜாஸுக்கு நல்ல மவுசு இருந்திருக்கிறது. அந்த வருடங்களில்தான் ஜாங்கோவின் புகழ் உச்சத்துக்குப் போயிருக்கிறது. நுவாஜ் ஊர் முழுக்கப் பிடித்த மெட்டாகி, பிறகு அதற்குச் சொற்களும் எழுதிப் பாடினார்கள். அவர் பயந்ததும் உண்மைதான். 1943ல் சுவிற்சர்லாந்துக்குத் தப்பிப் போக முயன்று முடியாமல் திரும்பியிருக்கிறார். ஆனால் அது மெட்டுப் பிறந்து மூன்று வருடத்துக்குப் பிறகு. 1943ன் பயத்தை எடுத்து 1940ன் மெட்டுக்குள் போட்டது நான்.

பிறகு பெயரைச் சொல்லாமல் வகுப்புத் தோழி ஒருத்திக்குக் கேட்கக் கொடுத்தேன். "கல்யாண ஹோல்ல சாப்பாட்டு நேரம் போடுவாங்களே, அந்த மாதிரி" என்றாள். (அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அது இடைவேளைக்கு முந்திய பாடவேளை.) மேகங்கள் என்ற பெயரையும் யுத்தத்தையும் சொன்ன பிறகு மறுபடி கேட்டவள், "அல்லாஹ், எவ்வளவு பாவமா இருக்கு" என்றாள். அதே மூன்று நிமிடம்தான்.

அந்தப் பெயரே ஒரு பொறி. வரண்ட நாட்டில் மேகம் என்றால் நல்ல செய்தி. எங்கள் வாப்பாவுக்கு அப்படியில்லை. அவர் புத்தளம் உப்பளத்தில் வேலை செய்கிறவர். பாத்தியில் உப்பு விளைந்து வரும் நேரம் மேற்கே கறுத்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு மழை போதும், விளைந்தது கரைய. அடுத்தடுத்து இரண்டு போகம் அப்படிக் கரைந்த பிறகுதான் நானாவின் கட்டார்ப் பேச்சே எங்கள் வீட்டில் எழுந்தது. ஆகவே மேகம் என்ற சொல்லை நான் எந்தக் காதால் கேட்டிருப்பேன் என்று யோசித்தேன். ஆனால் முதல் தடவை கேட்டபோது எனக்குப் பெயர் தெரியாதே! அப்போதும் கவலையாகத்தானே இருந்தது? பெயரையும் யுத்தத்தையும் கழித்தாலும், இரண்டு கிழமையில் போகப்போகிற ஆள் பக்கத்தில் இருந்தார். அதைக் கழிக்க முடியவில்லை.

ஜாங்கோ இதே மெட்டைப் பல தடவை பதிவு செய்திருக்கிறார். 1946ல் லண்டனில், யுத்தம் முடிந்து கிரப்பெல்லியோடு மறுபடி சேர்ந்தபோது வாசித்ததைக் கேட்டேன். என் கட்டுரைப்படி அது ஆனந்தமாக இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. வயலின் இனிமையாகத்தான் இருக்கிறது, ஆனால் மெட்டு அதே இடத்தில் அதேபோல் இறங்குகிறது. 1953 மார்ச்சில், இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, மின்சாரக் கிற்றாரில் பியானோவோடு வாசித்தது இன்னொன்று. அதில் விம்மல் எதுவும் இல்லை. அவசரமில்லாமல், நிறைய இடம் விட்டு வாசிக்கிறார். எனக்கு இப்போது அதுதான் அதிகம் பிடிக்கிறது, ஏனென்று கேட்டால் நாலு பக்கம் எழுத வராது.

கடைசியில் நானாவின் கொப்பியைத் தேடி எடுத்தேன். மெட்டின் கோட்களைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். முப்பத்திரண்டு பார். ஜி மேஜர்தான், அவர் சொன்னது சரி. ஆனால் முதல் பாரில் ஜி இல்லை. மெட்டு தன் வீட்டில் தொடங்கவில்லை. எங்கோ வெளியில், இ-பிளாட்டில் நிற்கிறது. இரண்டாவது பாரிலும் வெளியில்தான். மூன்றாவது பாரில்தான் ஜி வருகிறது. வந்து கொஞ்சம் இருந்துவிட்டு, திரும்பவும் அதே வெளியிடத்துக்குப் போய் அங்கிருந்து மறுபடி வருகிறது. கிற்றாரை அலுமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து இரண்டு விரலால் தடவிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை, விரல் நுனி சிவந்ததுதான் மிச்சம். ஆனால் கொப்பியைப் பார்த்துக்கொண்டே பதிவைக் கேட்டபோது, அந்த மூன்றாவது பாரில் நெஞ்சுக்குள் ஏதோ கீழே வைக்கப்பட்டது போல இருந்தது. அதை நான் எங்கும் வாசிக்கவில்லை.

கவலை என்று நான் சொன்னது அந்த முதல் இரண்டு பாரை. கவலையில்லை என்று நானா சொன்னது மூன்றாவதை.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. அழைப்பு வந்ததும் ஸலாம் சொல்லி முடியுமுன்பே இதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதாக்கும் என்று நினைத்தேன்.

"அப்ப வீட்டுக்கு வருதுதானே?" என்றார்.

"வருது. ஆனா சுணங்கித்தான் வருது."

"ம்." பிறகு கேட்டார்: "அங்க மழையா?"

"இன்னும் இல்ல. மப்பா இருக்கு."

"வாப்பா எங்க?"

"உப்புக் குவியலுக்குக் கிடுகு போடப் போயிட்டாரு."