அடித்து ஊட்டும் காற்றும் தானாய் இழுக்கும் மூச்சும்



வேலைக்குப் போகத் தொடங்கிய மகன் மகிழுந்தை ‘மோடிஃபை’ செய்யப் போகிறேன் என்று சொன்னால், நம்மில் பெரும்பாலோரிடம் இருக்கும் விடை ஒன்றுதான்: வேண்டாம். உரையாடல் அங்கேயே முடிந்துவிடுகிறது. பிள்ளை பட்டறைக்காரரிடம் போகிறான். அவர் தம்மிடம் இருப்பதை விற்கிறார். அண்மையில் என் அக்காள் மகனோடு இரண்டு மாலைகள் அமர்ந்து இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன். வீட்டில் இதே பேச்சு நடக்கும் பெற்றோர்களுக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

அவன் ஈப்போவில் தொழில்நுட்பராக வேலை செய்கிறான். வயது இருபத்து மூன்று. கையில் எட்டாயிரம் ரிங்கிட் சேமிப்பு. மகிழுந்து, அவன் தந்தையார் விட்டுச் சென்ற புரோட்டோன் வீரா 1.5. அத்தான் மறைந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. மகன் அதற்கு டர்போ பொருத்தப் போகிறான் என்றதும் அக்காள் என்னை அழைத்தார். “நீ சொன்னா கேட்பான், தம்பி” என்றார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விடுமுறைகளில் பெரியப்பாவின் பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவன் நான் என்பது அவருக்கு நினைவிருந்திருக்கிறது.

பெற்றோர்களுக்காகச் சிறு விளக்கம். சாதாரண எந்திரத்தில் பிஸ்டன் கீழிறங்கும்போது வெளிக்காற்று தன் அழுத்தத்தாலேயே உள்ளே நுழைகிறது. இதை இயற்கைச் சுவாசம் எனலாம். கடல்மட்டத்தில் அந்த அழுத்தம் ஏறத்தாழ 1 பார். காற்று எவ்வளவு நுழைகிறதோ அவ்வளவுக்குத்தான் பெட்ரோலை எரிக்க முடியும். திறனின் எல்லையும் அதுதான். டர்போ என்பது, வீணாய் வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அச்சுழற்சியால் காற்றை அடித்து உள்ளே திணிப்பது. கூடுதலாக 0.5 பார் திணித்தால் காற்று ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். சூடேறுவதால் சற்றுக் குறையும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி இதற்கு 1905-இல் காப்புரிமை பெற்றார்.

இந்த இடத்தில் நான் குழந்தைகளையும் டியூஷனையும் இழுத்து வருவேன் என்று ஆசிரிய நண்பர்கள் சிலர் எதிர்பார்க்கக்கூடும். இல்லை. எந்திரம் எந்திரம்தான். திணிப்பது தீது, இயல்பே நன்று என்ற எளிய பாடத்தையும் அது நமக்குத் தராது. பெரோடுவா அக்சியாவும் அத்திவாவும் ஒரே எந்திரக் குடும்பத்தைச் சேர்ந்த 998 சிசி எந்திரங்களைக் கொண்டவை. இயற்கையாய்ச் சுவாசிக்கும் அக்சியா 68 குதிரைத்திறன் தருகிறது. டர்போ கொண்ட அத்திவா 98 தருகிறது. தொழிற்சாலை முதலிலேயே திட்டமிட்டுச் செய்ததால் தினமும் எத்தனையோ அம்மாக்கள் அதை நிம்மதியாக ஓட்டிச் செல்கிறார்கள்.

மருமகனிடமும் வலுவான நியாயம் ஒன்று இருந்தது. அவன் அப்பாயி கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார். மாதம் இருமுறை அக்காள் சிம்பாங் பூலாய் வழியாக அரிசி மூட்டையும் மருந்துமாக ஏறிப் போகிறார். “மேலே போகப் போக வண்டி மூச்சு வாங்குது, மாமா. லோரியை முந்தவே அம்மா பயப்படுறாங்க” என்றான். உண்மைதான். 1,400 மீட்டருக்கு மேல் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். இயற்கைச் சுவாச எந்திரம் அதே அளவுக்கு இளைக்கும். டர்போ அந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டும். இதை அவன் சொன்னபோது, படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்று தெரிந்தது. ஆகவே “வேண்டாம்” என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்றே நினைத்தேன்.

கேள்வி, எந்த எந்திரத்தில் திணிப்பது என்பதுதான். இயற்கைச் சுவாச எந்திரம் உள்வரும் கொஞ்சக் காற்றை இறுக்கிப் பயன்படுத்துமாறு அமைக்கப்பட்டது. அதில் மேலும் காற்றை அடைத்தால், தீப்பொறிக்கு முன்பே அல்லது ஒழுங்கின்றிக் கலவை வெடிக்கும். இதைத்தான் ‘நாக்கிங்’ என்கிறார்கள். பிஸ்டன் வளையமும் ஹெட் கேஸ்கட்டும் முதல் பலி. 1962-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் இதற்கு நல்ல சான்று. அதன் சுருக்க விகிதத்தை 10.25-க்கு 1 என்று உயர்வாகவே விட்டுவிட்டு டர்போவும் பொருத்தினார்கள். வெடிப்பைத் தடுக்க மெத்தனால் கலந்த நீரைத் தனித் தொட்டியிலிருந்து பீய்ச்சினார்கள். உரிமையாளர்கள் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். தொட்டி காய்ந்தால் வண்டி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டோடு அந்த வண்டி நின்றுபோனது.

அத்தானின் எந்திரம் 240,000 கிலோமீட்டர் ஓடியது. குளிர்காலையில் நீலப்புகை விடுகிறது. அதன்மேல் டர்போவை மாட்டுவது, மூட்டுவலிக்காரர் தலையில் நெல் மூட்டையை ஏற்றுவது போன்றது. பட்டறைக்காரர் “கொஞ்சமாத்தான் பூஸ்ட்” என்றாராம். மலையேறும்போது அந்தக் கொஞ்சம் இருபது நிமிடம் விடாமல் நீடிக்கும்.

முறையாகச் செய்ய வேண்டுமென்றால் வழி உண்டு. வீரா மிட்சுபிஷி லான்சரின் உடலமைப்பில் பிறந்தது. ஆகவே ஜப்பானிலிருந்து முன்பாதியாக வெட்டி வரும் ‘ஹாஃப்கட்’ வண்டியின் 4ஜி93 டர்போ எந்திரம் அதில் இறங்கும். அது 1,834 சிசி; சுருக்க விகிதம் 8.5; தொழிற்சாலைக் கணக்கில் 195 முதல் 205 குதிரைத்திறன். ஆனால் பிரேக், கியர்பெட்டி, ரேடியேட்டர் எல்லாம் உடன்வர வேண்டும். எந்திர மாற்றத்தை ஜேபிஜேயிடம் பதிய வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். சாலை வரி 90 ரிங்கிட்டிலிருந்து 297 ரிங்கிட்டுக்கு ஏறும். அவன் விசாரித்து வந்த விலைகளைக் கூட்டினோம். சேமிப்பைத் தாண்டியது.

இயற்கைச் சுவாசக்காரர்களும் சும்மா இல்லை. அதே குடும்பத்தின் 4ஜி92 மிவெக் 1,597 சிசியில் டர்போ இன்றியே 175 குதிரைத்திறன் தரும். சாலை வரியும் 90 ரிங்கிட்தான். கேட்க இனிமை. ஆனால் அந்தத் திறன் நிமிடத்திற்கு 7,500 சுற்றில் கிடைப்பது. அக்காள் மூவாயிரத்தைத் தாண்டினாலே காலை எடுத்துவிடுவார்! புகைக்குழலை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் சத்தம்தான் கூடும். அண்டை வீட்டார்தான் பயனடைவர்.

இரண்டாம் மாலையில் அவன் வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “டர்போன்னா அப்பா இஞ்சினைக் கழற்றி வித்துடணும், இல்லையா மாமா?” என்றான். ஆம் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அவன் அந்தப் பக்கத்தைக் கோடிட்டு அடித்தான்.

முடிவு இதுதான். முதலில் முன்பிரேக், டயர், ரேடியேட்டர். அதன்பின் அத்தானின் எந்திரத்தையே பிரித்து, தேய்ந்த சிலிண்டரைத் துருவி, அளவு கூடிய பிஸ்டன் போட்டு, வால்வுகளைப் பதித்து, ஹெட்டின் காற்றுவழிகளைச் சீராக்கி, நல்ல எக்ஸ்டிராக்டர் ஒன்றும் பொருத்துவது. புதிதாய் இருந்தபோது அது தந்த ஏறத்தாழ 90 குதிரைத்திறன் திரும்பி வந்து, அதற்குமேல் சிறிது கிடைத்தால் பெரிது. மலையில் எட்டில் ஒரு பங்கு இளைக்கத்தான் செய்யும்; இளைக்கட்டும், லோரிக்குப் பின்னால் போகலாம். அக்காளிடம் சொன்னபோது, “அவ்வளவு பணத்தையும் போட்டு மறுபடி பழைய வண்டியா?” என்று கேட்டார். மகன் சிரித்தான்.

அடுத்த சனிக்கிழமை ஹெட்டைக் கழற்றுகிறான். என்னையும் வரச் சொல்லியிருக்கிறான். ஆலோசனைக்கு அன்று, விளக்குப் பிடிக்க.