"சோக் இழுத்தா நல்லா ஓடுது, விட்டா நடுங்குது!" - ஆரணி நெசவாளரும் 1998 மாருதியும்

ஆரணியில் அந்தத் தெருவுக்குக் காலை ஆறு மணிக்கு இரண்டு சத்தங்கள் பழக்கம். ஒன்று தறிச் சத்தம். இன்னொன்று, தெருக்கோடி வீட்டு மாருதி 800 இருமும் சத்தம்.

வண்டி 1998 மாடல். வீட்டுக்காரர் பட்டு நெசவாளர், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முன்பெல்லாம் சாவியைத் திருகினால் சத்தமே இல்லாமல் நிற்கும் வண்டி, போன கார்த்திகையிலிருந்து நின்ற இடத்தில் நடுங்க ஆரம்பித்தது. ஸ்டீயரிங் அதிரும். டேஷ்போர்டில் ஒட்டிவைத்த பிள்ளையார் ஆடுவார். பழைய பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் கிளட்சை மிதித்து நின்றால் பொசுக்கென்று அணைந்துபோகும். ஆனால், ஓட ஆரம்பித்துவிட்டால் ஒரு குறையும் தெரியாது.

வேறு நேரமாக இருந்தால் அவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாவது மாதம். ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடவே இருப்பதால் பிரசவத்தை வேலூரில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூர் சுமார் 40 கிலோமீட்டர். "ராத்திரியில வலி வந்தா 108 இருக்குதே" என்றார் மனைவி. "இருக்கட்டும். நம்ம வண்டியும் நிக்காம ஓடணும்ல?" என்றார் இவர்.

சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்கு வேறு கருத்து. "அதைப் பழைய இரும்புக்குப் போட்டுடுப்பா. 20 வருஷம் தாண்டின காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க இப்போ 10,000 ரூபா. அந்தக் காரு அவ்ளோ போகுமா?" அவன் சொன்னதில் தப்பில்லை. 2025-ல்தான் அந்தக் கட்டணத்தை ஏற்றினார்கள். ஆனால், நாலு முகூர்த்த சீஸன் சேர்த்துவைத்த பணத்தில், செகண்ட் ஹேண்டாக வாங்கிய வண்டி அது. தெருவிலேயே முதல் கார். போட மனசு வரவில்லை.

மாருதி 800-க்கு நம் ஊரில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய. 1983 டிசம்பர் 14 அன்று டெல்லியில் முதல் காரின் சாவி கைமாறியது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. 796 சிசி, மூன்றே சிலிண்டர். 2000-ஆம் ஆண்டையொட்டி எம்பிஎஃப்ஐ வரும்வரை, காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுத்தது கார்ப்ரேட்டர்தான். கம்ப்யூட்டர் கிடையாது. கோளாறு வந்தால் 'செக் என்ஜின்' விளக்கு எரியாது. காதையும் கையையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் பார்த்த மெக்கானிக் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். 'ஸ்லோ' ஸ்க்ரூவை இரண்டு திருகு ஏற்றினார். "சரியாப் போச்சு, எடுத்துட்டுப் போங்க" என்றார். வண்டி அணையவில்லை, உண்மைதான். ஆனால் நின்ற இடத்தில் உறுமியது, பெட்ரோல் குடித்தது, நடுக்கம் மட்டும் அப்படியே இருந்தது. காய்ச்சல்காரருக்குப் போர்வை போர்த்திவிட்ட கதைதான். பழைய வண்டி வைத்திருக்கும் பாதிப் பேருக்கு நடப்பது இதுதான். அடுத்தவர் மூன்று ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினார். பணம் போனது, நடுக்கம் போகவில்லை.

டீக்கடைத் தீர்ப்பு ஒன்றே ஒன்று: "எல்லாம் எத்தனால் பெட்ரோல் பண்ற வேலைண்ணே!"

இதையும் சும்மா தள்ளிவிட முடியாது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது பெரும்பாலான பங்க்குகளில் கிடைக்கிறது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய கார்ப்ரேட்டர் வண்டிகளில் காற்று-பெட்ரோல் கலவை கொஞ்சம் நீர்த்துப்போகும். பழைய ரப்பருக்கும் அது ஆகாது. ஆனாலும் அவருக்கு ஒரு சந்தேகம். அதே பங்க்கில் பெட்ரோல் போடும் பக்கத்துத் தெரு ஆம்னிக்கு ஒன்றும் ஆகவில்லையே?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு விட்டுவிட்டு, வண்டியைத் தெருவில் நிறுத்தி பானெட்டைத் திறந்தார். பக்கத்துத் தெரு மெக்கானிக் பையனையும் கூப்பிட்டுக்கொண்டார். டிரைவர் சீட்டில் மனைவி. வாழ்க்கையில் முதல்முறை. "லுங்கியை மடிச்சுக் கட்டுங்க, பெல்ட்ல சிக்கிடப் போகுது" என்பதுதான் அவருடைய முதல் உத்தரவு.

தறியில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு கணக்குத் தெரியும். சேலையில் ஒவ்வொரு புட்டாவிலும் அதே இடத்தில் பிழை விழுந்தால் நூலைத் திட்டிப் பயனில்லை. மேலே ஜக்கார்டில் ஏதோ ஒரு கயிறு அறுந்திருக்கிறது. பிழை அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தால் நூலைப் பார்க்க வேண்டும். அவர் என்ஜினையும் அப்படித்தான் கேட்டார். ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றால், தாளம் மாதிரி ஒழுங்காக விட்டு விட்டு 'மிஸ்ஸிங்' அடிக்கும். இது அப்படி இல்லை. கொஞ்ச நேரம் சரியாக இருந்தது, திடீரென்று தடுமாறியது, மறுபடி சரியானது.

பையன் கைப்பிடியில் ரப்பர் போட்ட குறடால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினான். எதைக் கழற்றினாலும் என்ஜின் ஒரே அளவு தளர்ந்தது. அப்படியென்றால் மூன்று சிலிண்டரும் உழைக்கின்றன. (ஷாக் பலமாக அடிக்கும் வேலை இது. வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். புது மாடல் கார்களில் மெக்கானிக்கே செய்யக் கூடாது.)

"இப்ப சோக்கை இழு" என்றார் மனைவியிடம். இழுத்ததும் என்ஜின் அடங்கியது. "விடு." நடுங்கியது. "இழு." அடங்கியது.

சோக் என்ன செய்கிறது? கார்ப்ரேட்டருக்குப் போகும் காற்றைக் குறைத்து, பெட்ரோலின் பங்கைக் கூட்டுகிறது. சூடான என்ஜினுக்கு அது தேவையே இல்லை. சூடான பிறகும் சோக் போட்டால்தான் நன்றாக ஓடுகிறது என்றால், ஒன்று பெட்ரோல் குறைவாக வருகிறது, அல்லது எங்கிருந்தோ திருட்டுக் காற்று உள்ளே வருகிறது.

அதற்குள் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த மகள், கிளவ் பாக்ஸிலிருந்த புகைப் பரிசோதனைச் சீட்டைப் போனில் தேடிக்கொண்டே படித்தாள். எல்லோரும் அதில் பாஸா, பெயிலா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். இந்த வயது கார்களுக்கு, ஐடிலிங்கில் கார்பன் மோனாக்ஸைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பிபிஎம் வரை போகலாம். சீட்டில் முதலாவது ரொம்பக் குறைவு; இரண்டாவது வரம்பை ஒட்டி நின்றது. "அப்பா, பெட்ரோல் அதிகமாப் போனா மோனாக்ஸைடு ஏறுமாம். இது குறைஞ்சிருக்கு. எரியாத பெட்ரோல்தான் வெளியே வருது. காத்து அதிகமா இருந்தாதான் இப்படி வருமாம்."

பையன் நிமிர்ந்து பார்த்தான். "அக்கா மெக்கானிக்கா?"

அதன் பிறகு பத்து நிமிட வேலைதான். கார்ப்ரேட்டருக்குக் கீழே இன்டேக் மேனிஃபோல்டில் வந்து சேரும் ரப்பர் டியூப்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பிடித்துப் பார்த்தார்கள். என்ஜின் தலைமூடியிலிருந்து வரும் டியூப்பை அழுத்தியதும் நடுக்கம் நின்றது. விட்டதும் திரும்ப வந்தது. என்ஜினுக்குள் சேரும் ஆவியை மறுபடி உறிஞ்சி எரிக்க வைத்திருக்கும் டியூப் அது. மேலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. அடிப்பக்கம், சூட்டில் காய்ந்து, ஒரு அங்குலத்துக்கு வெடித்திருந்தது. பையன் வெடிப்பின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டான். உள்ளே உறிஞ்சிக்கொண்டது.

ஓடும்போது ஏன் தெரியவில்லை? நிற்கும்போது கார்ப்ரேட்டரின் வாசல் ஏறக்குறைய மூடியிருக்கும். என்ஜின் பலமாக உறிஞ்சும். அப்போது சின்ன ஓட்டையும் பெரிய விஷயம். ஆக்சிலேட்டரை மிதித்து வாசல் அகலத் திறந்துவிட்டால், அந்த ஓட்டை வழியாக வரும் காற்று ஒரு கணக்கே இல்லை.

புது டியூப்புக்கு நூறு ரூபாய்கூட ஆகவில்லை. அதை மாட்டி ஸ்டார்ட் செய்ததும் வண்டி வீறிட்டது. முதல் மெக்கானிக் ஏற்றிவைத்த 'ஸ்லோ' அப்படியே இருந்தது அல்லவா! என்ஜின் நன்றாகச் சூடாகும்வரை காத்திருந்து, ஸ்க்ரூவைக் கால் திருகு, கால் திருகாக இறக்கினார்கள். பிள்ளையார் ஆடாமல் நின்றார்.

எத்தனால் இந்த முறை தப்பித்தது. வெடித்த டியூப் வழியாகப் பெட்ரோல் போவதே இல்லை. ஆனாலும் கையோடு பெட்ரோல் டியூப்களையும் பையன் மாற்றிவிட்டான். பழசு இருபது வருடத்துக்கு மேல் ஆனது. அவை கசிந்தால் நடுக்கத்தோடு போகாது, தீப்பிடிக்கும். டீக்கடையில் இன்னமும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

மார்கழி கடைசியில், ராத்திரி இரண்டு மணிக்கு வலி எடுத்தது. பின்சீட்டில் மகளும் அம்மாவும். கண்ணமங்கலத்தில் ஒரு கரும்பு லாரி ரிவர்ஸ் எடுத்து ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. ஐந்து நிமிடம். வண்டி அவ்வளவு அமைதியாக நின்றதில் மகள்தான் பயந்துபோனாள்.

"அப்பா, அணைஞ்சுடுச்சா?"

"இல்லம்மா, ஓடுது. கையை வெச்சுப் பாரு" என்றார் அவர்.